அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

என் ஆய்வேட்டின் முழு வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது, வழிகாட்டிப் பேராசிரியர் முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "யார் இந்த நாடு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வாக்கியத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் "நாடு" என்று இருந்தது. பிறகு ஒரு காற்புள்ளி, ஓர் ஆண்டு. அடுத்த பக்கத்திலும் நாடு. அதற்கடுத்த பக்கத்தில் இரண்டு நாடு.

"ஏம்மா, இவரு ரொம்ப எழுதியிருக்காரே. எந்த யுனிவர்சிட்டி?" என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், அது கவர்ன்மென்ட் ஆஃப் தமிழ் நாடு சார். பொதுப்பணித்துறை அறிக்கை. சாஃப்ட்வேர் கடைசி வார்த்தையைக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிச்சு."

"சாஃப்ட்வேரா டாக்டர் பட்டம் வாங்கப் போகுது? மாசக் கடைசிக்குள்ள குடுத்தாகணும். இதுக்கு மேல எக்ஸ்டென்ஷன் கிடையாது."

"தெரியும் சார்."

தாள் கட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, நல்ல வெயில் காலம். பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்து ஏழாவது வருடம். சேர்ந்தபோது என் மகள் கைக்குழந்தை. இப்போது அவளுக்கு வாய்ப்பாடு தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டியதில், நாடு மட்டும் பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. சில இடங்களில் ஆசிரியரின் பெயருக்குப் பதிலாக இனிஷியல் மட்டும் நின்றது. சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இன்னோர் அடைப்புக்குறி. சில இடங்களில் வளைந்த அடைப்புக்குறிக்குள் ஒரு எண், அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. மூன்று பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஓரிடத்தில் மூன்று பெயர்களோடும், அடுத்த வரியிலேயே "மற்றும் பலர்" என்றும் போட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் கட்டை மூடிவிட்டேன். கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை.

மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் தானாகவே போடும் அந்த மென்பொருளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவள் என் தோழி. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் இருந்த கல்லூரியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் பொருளியல், அவள் வரலாறு. நான் பிள்ளையார்பாளையம், தறி வீட்டில் பிறந்து தறி வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். அவள் சின்ன காஞ்சிபுரம், வீட்டில் இரண்டு பேர் கோயில் கைங்கர்யத்தில் இருந்தார்கள். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். இரண்டு பேருமே ஏரிகளைப் பற்றித்தான் ஆய்வு செய்தோம். அவள் வரலாற்றுப் பக்கத்திலிருந்து, பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டில் ஆரம்பித்து வந்தாள். நான் தண்ணீர்ப் பங்கீட்டின் இன்றைய கணக்கைப் பார்த்தேன்.

படித்த நூல்கள், கட்டுரைகளின் விவரங்களை அந்த மென்பொருளில் ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்தோம். கோப்பு ஒரு பென் டிரைவில் இருந்தது. ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் என்னிடம். யார் எதைப் படித்தாலும் அதில் பதிந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவள் கைப்பையைத் திறந்து அதை என்னிடம் தரும்போது, "பத்திரம். நம்ம ரெண்டு பேர் மூளையும் இதுல இருக்குது" என்பாள்.

அவள் செய்த வேலை என்னுடையதைவிடக் கடினமானது. ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாலாஜாபாத் போய், அங்கிருந்து தென்னேரிக்குப் போவாள். அந்தப் பெரிய ஏரியின் மதகுகளைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து விடும் ஆட்களைக் கம்புகட்டி என்பார்கள். அவர்களோடு கரையில் நடப்பாள். ஏரியில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் இருக்கும் வருடங்களில் அவர்கள் பங்கீட்டை எப்படி மாற்றுகிறார்கள் என்பதை அவள்தான் முதலில் எழுதினாள். அதிகாரிகளின் அறிக்கைகள் எதிலும் அது இல்லை. ஒரு சிறிய ஆய்விதழில் அந்தக் கட்டுரை வந்தது. வந்த அன்று ஆசிரியர் அறையில் நான் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். அன்று பென் டிரைவ் என் முறை. அவள் கட்டுரையைக் கோப்பில் பதிந்தவள் நான்தான். அச்சில் இருந்தபடியே, முதலில் பெயரும் பின்னால் அப்பாவின் இனிஷியலுமாகத் தட்டினேன். நடுவில் காற்புள்ளி வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு அவளுடைய ஆய்வு தேங்கியது. மாமனாருக்கு உடம்பு சரியில்லை, கல்லூரியில் கூடுதல் வகுப்பு, வழிகாட்டி வெளியூர் போய்விட்டார். ஒருநாள் பென் டிரைவை என் கையில் வைத்து, "நீயே வச்சுக்கோ. நீதான் முடிக்கப் போற. எனக்கு வேணும்னா கேக்கறேன்" என்றாள். அவள் கேட்கவில்லை.

வரைவைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு வைப்பார்கள். ஆய்வாளர் தன் கண்டுபிடிப்புகளைத் திரையில் காட்டிப் பேச வேண்டும். என் கருத்தரங்குக்கு அவள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடித்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. டீ நேரத்தில் தேடினேன், இல்லை. மறுநாள் பஸ்ஸில் முன்பக்கம் வேறொரு டீச்சரோடு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாள் முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாள். கல்லூரியில் எதிரே பார்த்தால் "ம்" என்பாள். அவ்வளவுதான்.

நான் முடிக்கிறேன், அவள் முடிக்கவில்லை, அதனால் வந்த வருத்தம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. என்னவென்று கேட்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. வீடு, வகுப்பு, விடைத்தாள், ஆய்வேடு. கேட்டால் அழுவாள், நானும் அழ வேண்டிவரும், அதற்கு நேரம் எங்கே என்று நினைத்தேன். இப்படித்தான் மூன்று வாரம் போயிற்று. அப்போதுதான் நாடு வந்தார்.

வீட்டில் கணினி கூடத்தின் மூலையில் இருந்தது. அடுத்த அறையில் தறி. காலை ஆறரைக்கு என் கணவர் தறிக்குழியில் இறங்கிவிடுவார். அன்றைக்குப் பழைய பாவு தீர்ந்து, புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் தறியின் சத்தம் இல்லை. மாமியார் அவருக்கு எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் ஒரு வாரம் விடுப்பு வாங்கியிருந்தேன்.

முதல் நாள் நான் செய்தது முழுக்க முட்டாள்தனம். ஆய்வேட்டில் நாடு என்று இருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடி, கையால் அழித்து, தமிழ்நாடு அரசு என்று தட்டினேன். காலையில் ஆரம்பித்தது மதியம் சாப்பாட்டு வேளைவரை இழுத்தது. கடைசியில் ஒரு புது மேற்கோளைச் சேர்த்தேன். மென்பொருள் எல்லாவற்றையும் ஒருமுறை புதுப்பித்தது. நாடு அத்தனை இடத்திலும் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன்.

"என்னா ஆச்சு?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"காலைலேர்ந்து செஞ்சது பூரா போச்சுங்க."

"கரெண்டு போச்சா?"

"இல்ல. கரெண்டு இருக்குது. எனக்குத்தான் புத்தி இல்ல."

"சாப்ட்டு வந்து பாரு. காலி வயித்துல குந்திக்கினு இருந்தா கண்ணு எப்படித் தெரியும்?"

சாப்பிட்டுவிட்டு வந்து, மென்பொருளோடு வந்திருந்த உதவிப் பக்கங்களை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஆய்வேட்டில் தெரிவது வெறும் நிழல், சரக்கு கோப்பில் இருக்கிறது. கோப்பில் திருத்தினால்தான் ஏட்டில் திருந்தும். அடைப்புக்குறியின் மேல் சொடுக்கினால் அது சாம்பல் நிறமாக வேண்டும். அப்படி ஆனால், மேற்கோள் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவில்லையென்றால், எப்போதோ வழிகாட்டியின் கணினியில் திறந்து சேமித்தபோது அது வெறும் எழுத்தாகச் செத்துப்போயிருக்கிறது, அழித்துவிட்டுப் புதிதாகச் செருக வேண்டும். அரசு, வாரியம் போன்ற பெயர்களுக்குக் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்தால், மென்பொருள் அவற்றைப் பிய்க்காது. ஆட்களின் பெயர் என்றால் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் காற்புள்ளி. இல்லாவிட்டால் கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர். நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அதனால் என் ஏட்டில் பாதிப் பேர் ஒற்றை எழுத்தாக நின்றார்கள்.

ஏழு வருடம் ஏடு எழுதியவளுக்கு ஒரு காற்புள்ளியைக் கற்றுக்கொள்ள ஏழு வருடம் ஆகியிருக்கிறது. அன்று சாயங்காலம் தமிழ்நாடு அரசுக்குப் பின்னால் ஒரே ஒரு காற்புள்ளி வைத்தேன். புதுப்பித்தேன். நாடு முழுவதுமாக ஒழிந்தார்.

மறுநாளிலிருந்து பக்கம் பக்கமாக உட்கார்ந்தேன். பிரதியில் ஒரு மேற்கோள், அதற்கான நூலோ நகலோ மேசையில், திரையில் கோப்பு. மூன்றும் ஒத்துப்போனால் பென்சிலால் ஒரு கோடு. முதுகு வலித்தது. கண் எரிந்தது. மூன்றாம் நாள் நான்காம் அத்தியாயத்துக்கு வந்தேன்.

அதில் ஒரு பத்தி. ஏரியில் தண்ணீர் குறைவாக உள்ள வருடங்களில் கம்புகட்டிகள் மேல்மதகையும் கீழ்மதகையும் மாற்றி மாற்றித் திறந்து, கடைமடை வயல்களுக்கு முதல் தண்ணீர் விடுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அடைப்புக்குறிக்குள் ஒரு மூத்த பொறியாளரின் பெயர் இருந்தது. பாசனத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அவருடைய அறிக்கையின் நகலை எடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அணைகள், கால்வாய்கள், கன அடிகள். கம்புகட்டி என்ற சொல்லே அதில் இல்லை.

என் தோழியின் கட்டுரை நகலை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பத்தியில் இருந்த ஒவ்வொரு விஷயமும் அவள் எழுதியது.

கோப்பில் அவள் பெயரைத் தேடினேன். இல்லை.

மெதுவாக ஞாபகம் வந்தது. கருத்தரங்குக்குப் பத்து நாள் முன்னால் ஒரு மதியம். இரண்டு மணிக்குக் கரெண்டு போய்விடும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் கோப்பைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக இரட்டைப் பதிவுகளை நீக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அந்தப் பொறியாளருக்கும் பெயருக்குப் பின்னால் வரும் இனிஷியல் ஒன்றே. இரண்டையும் காற்புள்ளி இல்லாமல் தட்டியிருந்ததால், இருவரும் பட்டியலில் ஒரே எழுத்தாக, எஸ் என்று நின்றார்கள். ஆண்டும் ஒன்றே. தலைப்பு இருந்த பகுதி திரைக்கு வெளியே மறைந்திருந்தது. ஒரே கட்டுரை இரண்டு தடவை பதிவாகிவிட்டது என்று நினைத்து, கீழே இருந்ததை நீக்கிவிட்டேன். பிறகு ஏட்டைப் புதுப்பித்தபோது மென்பொருள் என்னிடம் கேட்டது. இந்த மேற்கோளுக்கு உரிய பதிவைக் காணவில்லை, பொருத்தமானதைத் தேர்ந்தெடு என்று ஒரு சிறிய பெட்டி. எஸ் என்ற ஒரே பதிவு அதில் இருந்தது. பொத்தானைத் தட்டினேன். மறுபடி கேட்டது. தட்டினேன். எத்தனை தடவை கேட்டது என்று நினைவில்லை. ஒரு தடவைகூட நான் நின்று படிக்கவில்லை. அடுத்த நாளோ என்னவோ, அவ்வளவு பெரிய மனிதரை ஒற்றை எழுத்தாக விடக் கூடாது என்று பொறியாளரின் பெயரை மட்டும் நூலகத்தில் பார்த்துச் சரியாகத் திருத்தினேன். அத்தனை இடமும் அவர் பெயருக்கு மாறிவிட்டது.

அந்தப் பத்தியை அப்படியே எடுத்துத்தான் கருத்தரங்கில் திரையில் போட்டேன். கடைசி வரிசையிலிருந்தும் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியிருந்தேன்.

எழுந்து போய்த் தறி அறையின் வாசலில் நின்றேன். என் கணவர் தலை தூக்காமல், "என்னா, மறுபடியும் பூரா போச்சா?" என்றார்.

சொன்னேன். இழையைக் கையில் பிடித்தபடியே கேட்டார். மாமியாரும் கேட்டார்.

"அவங்க ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வெயில்ல போய் வந்தாங்களே, அதுவா?"

"அதுதான்."

"அத வேற ஆள் பேர்ல போட்டுட்டியா?"

"தெரியாமதாங்க."

"தெரியாமதான். அவங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?" கையிலிருந்த இழையை முறுக்கிப் பிணைத்தார். "நாம நெய்யறோம், கடைக்காரர் பேர்ல போவுது. நமக்குப் பழகிடுச்சு. படிச்சவங்களுக்கு அப்பிடி இல்லியே. போய்ச் சொல்லிடு."

"முதல்ல திருத்திட்டுப் போறேன்."

"திருத்திக்கினு அப்புறம் போவலாம்னு இருந்தா நீ போவ மாட்ட."

மாமியார் மட்டும் மெதுவாக, "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றார்.

ஆனாலும் திருத்திவிட்டுத்தான் போனேன். வெறும் கையோடு போக எனக்குத் தைரியம் இல்லை. அவள் கட்டுரையைக் கோப்பில் புதிதாகப் பதிய இரண்டு நிமிடம் ஆனது. பெயர், காற்புள்ளி, இனிஷியல். பிறகு ஏட்டில் பொறியாளரின் பெயர் வந்த இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எது அவருடையது, எது அவளுடையது என்று பிரித்தேன். பதினோரு இடங்கள் அவளுடையவை. அந்த அத்தியாயத்தை அச்செடுக்கத் தெருமுனைக் கடைக்குப் போய், காத்திருந்து, வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் சின்ன காஞ்சிபுரம் போனேன். வரதர் கோயிலில் ஏதோ புறப்பாடு, ஆட்டோவைத் தெருவுக்குள் விடவில்லை. இறங்கி நடந்தேன்.

அவள் மாமியார் கதவைத் திறந்தார். "வாம்மா, எத்தனை நாளாச்சு உன்னைப் பாத்து. உள்ள இருக்கா, போ" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்தது.

அவள் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். இனிஷியல், காற்புள்ளி, இரண்டு மணிக் கரெண்டு, சிறிய பெட்டி என்று முன்பின்னாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும் அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"உன் கைடு சொல்லி நீ மாத்திட்டேன்னு நெனச்சேன். பெரியவா பேரைப் போட்டா எக்ஸாமினர் மதிப்பார்னு அவர் சொல்லியிருப்பார். நீயும் சரின்னுட்ட."

"அப்படி நான் செய்வேனா?"

"நீ செய்ய மாட்டேன்னு நெனச்சிருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேனே" என்றாள். பிறகு, "நீயும் கேக்கலை. மூணு வாரம்" என்றாள்.

"நீ பொறாமைல பேசாம இருக்கேன்னு நெனச்சேன்."

"அதுவும் கொஞ்சம் இருந்தது" என்று சொல்லிவிட்டு, தாள்களை ஓரமாக அடுக்கினாள். "போன வாரம் என் பிஎச்.டி. பதிவை ரத்து பண்ணச் சொல்லி லெட்டர் எழுதிக் குடுத்துட்டேன். இனிமே என்னால முடியாது."

நான் பயந்துபோனேன். "என்னாலயா?"

"மாமனாருக்கு டயாலிசிஸ். வாரம் ரெண்டு நாள் நான்தான் கூடப் போறேன். உன்னால இல்ல." மூடிய பேனாவைத் தாள்களின் மேல் வைத்தாள். "முழுக்க இல்லன்னும் சொல்ல முடியாது. அன்னிக்கு ஸ்க்ரீன்ல பாத்தப்போ, எதுக்கு இவ்வளவு அலைஞ்சோம்னு தோணித்து. அதுலேர்ந்து அப்புறம் எந்திரிக்கவே முடியலை."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி" என்றாள். அந்தச் சரியில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கையை நீட்டி, "அதைக் காட்டு" என்றாள்.

நான்காம் அத்தியாயத்தைக் கொடுத்தேன். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, மாணவர் தாளைத் திருத்துவதுபோலவே முதல் வரியிலிருந்து படித்தாள். ஓரிடத்தில் பக்க எண் விட்டுப்போயிருந்தது, சுழித்தாள். ஒரு நூலின் இரண்டு பதிப்புகளைக் குழப்பியிருந்தேன், சுழித்தாள். தன் பெயர் வந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்பதாவதோ பத்தாவதோ இடத்தில் பென்சில் நின்றது.

"இது நான் சொன்னதில்லை."

"உன் கட்டுரையில இருக்குதே. மூணாவது பக்கம்."

"இருக்கு. ஆனா கடைமடைக்கு ஏன் முதல்ல விடணும்னு காரணம் சொல்லியிருக்கேனே, அது அவர் சொன்னது. அந்தப் பெரிய கம்புகட்டி. கரையில நின்னு விரலால மண்ணுல கோடு போட்டுக் காட்டினார். நான் அதை என் வாக்கியமா எழுதிட்டேன். அவர் பேரைப் போடலை. ஜர்னல்ல இடம் இல்லைன்னு விட்டுட்டேன்." பென்சிலால் தன் பெயரின் மேல் லேசாக ஒரு கோடு இழுத்தாள். "இங்க அவர் பேரைப் போடு. நேர்காணல்னு போடு. நான் எடுத்த நேர்காணல்னு அடிக்குறிப்புல சொல்லு, போதும்."

"இனிஷியல் என்ன?"

"தெரியாது. அவர் பேர் மட்டும்தான் சொன்னார்."

உள்ளே போய்ப் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். அதில் அவர் பெயரும் ஊரும் நாளும் இருந்தன. நான் எழுதிக்கொண்டேன். மற்ற அத்தியாயங்களையும் பார்க்கட்டுமா என்று அவளே கேட்டாள். மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு மதியங்கள் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து மேற்கோள்களைப் பார்த்தோம். வேறு எதுவும் அதிகம் பேசவில்லை. அவள் படிப்பாள், நான் கோடு போடுவேன். நடுவில் மாமனாருக்கு மருந்து கொடுக்க எழுந்து போவாள், வருவாள். ஒருமுறை நாடு கதையைச் சொன்னேன். சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இருவரும் மறுபடி பக்கத்தைப் பார்த்துக்கொண்டோம்.

நேர்காணல் மேற்கோளை அந்த மென்பொருளில் நான் விரும்பியபடி போட முடியவில்லை. எந்த வகையில் பதிந்தாலும், பெயரின் பாதியை வெட்டியது, அல்லது நூற்பட்டியலில் பதிப்பகம் எது என்று கேட்டு வெற்றிடம் விட்டது. கடைசியில் அந்த ஒன்றை மட்டும் கையாலேயே தட்டினேன். முழுப் பெயர், நேர்காணல், நாள். மென்பொருளுக்கு அது மேற்கோள் என்றே தெரியாததால், எத்தனை தடவை புதுப்பித்தாலும் அதைத் தொடவில்லை.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஏட்டைக் கொடுத்துவிட்டேன். வழிகாட்டி புரட்டிப் பார்த்து, "நாடு போயிட்டாரா?" என்றார். "போயிட்டார் சார்" என்றேன். நான்காம் அத்தியாயத்தில் பொறியாளரின் பெயர் குறைந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. மாதங்கள் கழித்து வந்த தேர்வாளர் அறிக்கையில், மேற்கோள்கள் முறையாக உள்ளன என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கு எதுவுமே தோன்றவில்லை. தூங்க வேண்டும்போல இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு அவளை அழைத்தேன். அன்று மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாள், வரவில்லை. நிஜமான காரணம்தான். பட்டம் கிடைத்த பிறகு கல்லூரியில் என் சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. அவளுக்கு உயரவில்லை. ரத்து செய்த பதிவை அவள் மறுபடி புதுப்பிக்கவில்லை. ஆறு மாதம் விட்டு ஒருமுறை கேட்டேன், இன்னொரு வருடம் விட்டு ஒருமுறை கேட்டேன். மூன்றாம் முறை, "கேக்காதே, ப்ளீஸ்" என்றாள். அதோடு விட்டேன்.

நாங்கள் இன்றும் பேசிக்கொள்கிறோம். அவள் மாமனார் காலமானபோது நானும் என் கணவரும் போயிருந்தோம். என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அவள்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள். பழைய மாதிரி இல்லை. ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு கணம் யோசிக்கிறோம். அவளுக்கு நான் செய்தது தவறுதலாக நேர்ந்தது என்று தெரியும், நம்பவும் செய்கிறாள். ஆனால் திரையில் அதைப் பார்த்த அந்த நிமிடத்தை அவள் உட்கார்ந்தே கடந்திருக்கிறாள், நான் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை எந்தத் திருத்தமும் தொடவில்லை.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, தன் ஏட்டில் எல்லா ஆசிரியர்களும் ஒற்றை எழுத்தாக வருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டாள். காற்புள்ளி வைக்கச் சொன்னேன். "அவ்ளோதானா மேம்?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். அவள் சந்தோஷமாகப் போனாள். நான் சற்று நேரம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, எழுந்து போனேன்.